எலெக்ட்ரீஷியனை செருப்பைக் கழற்றச் சொல்றீங்களா?

ஃபேன் ரிப்பேருக்கு ஆள் வந்தாச்சு. கதவைத் திறந்ததும் நீங்க என்ன சொல்வீங்க? "அண்ணா, செருப்பை வெளியிலயே விட்டுடுங்க!" விருந்தாளிகளுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, அவங்களே வாசல்ல கழற்றிடுவாங்க. தெரு அழுக்கு வீட்டுக்குள் வரக் கூடாது, அதுவும் தவழுற குழந்தை இருந்தா கேட்கவே வேண்டாம். நியாயம்தான்.

ஆனால், கரன்ட் வேலைக்கு வந்தவருக்கு அது வெறும் செருப்பு இல்லை பாஸ். நம் வீட்டு லைனில் ஓடுவது 230 வோல்ட். லைவ் வயரில் கைபட்டால், மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கும். காய்ந்த ரப்பர் சோல் அதற்கு ஒரு தடை. வெறுங்கால், கூடவே இப்போதான் மாப் போட்ட ஈரத் தரை என்றால் ஆபத்து பல மடங்கு. (செருப்பு இருக்கேன்னு மெயினை ஆஃப் பண்ணாம விட்டுடாதீங்க. அதுதான் முதல் வேலை!)

ஷூ கவர் கொடுக்கலாமே என்கிறீர்களா? பிளாஸ்டிக் கவர் டைல்ஸில் வழுக்கும், ஏணியில் இன்னும் மோசம். மிதியடியில் நல்லாத் துடைச்சுட்டு வரச் சொல்லுங்க. பூஜை ரூமில் வேலை இருந்தால் முன்னாடியே சொல்லிடுங்க. மாப் எல்லாம் அவர் கிளம்பின பிறகு போட்டுக்கலாம்.