சொல்லில் ஏன் இந்த ஆடம்பரம்?



ஒரு சொல் விளங்காததால் நீங்கள் பாதியில் மூடி வைத்த புத்தகம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா? நிச்சயம் இருக்கும். மூடி வைத்தபோது என்ன நினைத்தீர்கள்? "எனக்கு அறிவு போதாது" என்றுதானே? "எழுதியவருக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று நினைப்பவர் நம்மில் மிகச் சிலரே. அந்த இரண்டாவது நினைப்பைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

பன்வில ஒரு சிறிய ஊர். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறி வந்தால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கடைத்தெரு. இங்கே புடவைக் கடை வைத்திருக்கும் நானா ஒருவரின் கடைப் பின்புறத்தில், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவது வழக்கம். சங்கம் ஒன்றும் அல்ல. தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. ஆளுக்கொரு பிளேன்டீ, நடுவில் யாராவது கொண்டுவந்த ஒரு புத்தகம், அவ்வளவுதான்.

வாசிப்பு என்று வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். எங்களோடு கூடும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். "முடிவு தெரிஞ்சாத்தான் நிம்மதியா வாசிக்கலாம்" என்பது அவர் நியாயம். பக்கத்தின் மூலையை மடித்து அடையாளம் வைப்பவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். முப்பது வருடங்களாகப் பிள்ளைகளின் காதைத் திருகிய மனிதர், பக்கத்தின் காதைத் திருகக் கூடாது என்று எங்களுக்கு உபதேசம் செய்கிறார்! தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் பஸ்ஸில் மட்டுமே வாசிப்பவர். வீட்டில் உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடுமாம். கடைக்கார நானா வாடிக்கையாளர் வராத நேரத்தில் வாசிப்பார். சேலைத் துணியின் வெட்டுத் துண்டுதான் அவருடைய அடையாளச் சீட்டு. இரவல் கொடுத்த புத்தகங்களையும் அவர் கடன் கொப்பியிலேயே எழுதி வைத்திருக்கிறார். "துணிக் கடன் எப்பவாவது வந்து சேரும் மௌலவி, புத்தகக் கடன் வாறதே இல்ல" என்பார். இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு இப்போது ஏதோ ஒரு புத்தகம் ஞாபகம் வருகிறது என்று நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒருநாள் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த ஒரு தம்பியும் எங்களோடு சேர்ந்துகொண்டார். அன்று நடுவில் இருந்தது ஒரு சிறுகதைத் தொகுதி. தம்பி அதைக் கையில் எடுத்து, "இந்தப் பிரதியின் மௌனங்களைக் கட்டுடைத்து நாம் மறுவாசிப்புச் செய்ய வேண்டும்" என்றார். நானாவுக்கு முகம் வாடிவிட்டது. "தம்பி, பிரதி நல்லாத்தான் இருக்கு. அட்டைதான் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. நாளைக்கு ஒட்டி வைக்கிறேன்" என்றார். புத்தகம் அவருடையது!

எல்லோரும் சிரித்தோம், தம்பியும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழாசிரியர், "சரி தம்பி, நீங்க நினைச்சதை எங்க நானாவுக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க பார்ப்போம்" என்றார். தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கதையில ஒரு உம்மா வாறா. எல்லாரும் அவவைப் பத்தித்தான் பேசுறாங்க. ஆனா அவ ஒரு இடத்திலயும் வாய் திறக்கல்ல. எழுதினவர் ஏன் அவவைப் பேச விடல்ல?" நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். கதையை அவர் இரண்டு தடவை வாசித்திருந்தும் அதைக் கவனிக்கவில்லை. பாங்கு சொல்லும் வரை அந்த உம்மாவைப் பற்றியே பேசினோம்.

எவ்வளவு நல்ல சிந்தனை அது! முதலில் வந்த மூன்று சொற்களும் அதை மறைத்தல்லவா வைத்திருந்தன! அந்தச் சொற்கள் பிழையானவை என்று நான் சொல்ல வரவில்லை. பல்கலைக்கழக வகுப்பில் அவற்றுக்கு வேலை இருக்கலாம். கடைப் பின்புறத்தில் அவை செய்த ஒரே வேலை, பேசியவரைப் படித்தவராகவும் கேட்டவரைப் படியாதவராகவும் காட்டியதுதான்.

இது இன்று நேற்றுத் தோன்றிய நோய் அல்ல. அறபு இலக்கியம் படித்தவர்கள் அபூ அல்கமா என்ற இலக்கணக்காரரை அறிவார்கள். யாருக்கும் தெரியாத அபூர்வச் சொற்களைத் தேடிப் பிடித்துப் பேசுவது அவர் வழக்கம். ஒருநாள் பஸ்ரா நகர வீதியில் மயங்கி விழுந்துவிட்டார். ஜின் பிடித்துவிட்டது என்று எண்ணிய மக்கள் ஓடி வந்து அவரது காதில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். கண் விழித்தவர், "ஏன் என்னைச் சுற்றிக் கூடி நிற்கிறீர்கள்? விலகிப் போங்கள்" என்று சொல்ல நினைத்தார். அதையும் நேராகச் சொல்லவில்லை. 'விலகுங்கள்' என்பதற்கு 'இஃப்ரன்கிஊ' என்ற ஒரு சொல்லை எடுத்துப் போட்டார். கூட்டத்தில் ஒருவர், "விட்டுவிடுங்கள், இவரைப் பிடித்த ஷைத்தான் இந்திய பாஷை பேசுகிறது" என்றாராம். இதே சம்பவத்தை ஈஸா இப்னு உமர் என்ற இலக்கண அறிஞரின் பெயரில் சொல்வோரும் உண்டு. யார் பெயரில் சொன்னாலும், விழுந்து கிடக்கும்போதும் ஆடம்பரத்தை விடாத அந்த நாவைப் பாருங்கள்!

நபி (ஸல்) அவர்கள் இந்த நோயைக் கடுமையாகவே எச்சரித்திருக்கிறார்கள். வாயாடிகளும், வாயைக் கோணி அலங்காரமாகப் பேசுவோரும், 'முதஃபைஹிகூன்' எனப்படுவோரும் மறுமையில் தம்மை விட்டுத் தூரமானவர்கள் என்ற கருத்துப்பட வரும் ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. அந்த ஹதீஸில் இன்னொரு விடயம் இருக்கிறது. பயான்களில் நாம் அதை அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. ஸஹாபாக்கள் முதல் இரண்டு சொற்களையும் விளங்கிக்கொண்டார்கள். மூன்றாவது விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்களா? இல்லை. அப்படியென்றால் யார் என்று கேட்டார்கள். பெருமையடிப்போர் என்று உடனே விளக்கம் கிடைத்தது. கேட்கவும் வெட்கமில்லை, விளக்கவும் தயக்கமில்லை.

நம் ஊர்களில் நடப்பது என்ன? "அனைத்துச் சகோதரர்களும் தவறாது சமுகமளித்துத் தமது மேலான ஒத்துழைப்பை நல்குமாறு வினயமாகக் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்று ஓர் அறிவித்தல். எல்லோரும் வாருங்கள் என்பதுதான் சேதி. இப்படியொன்றைக் கேட்ட முதியவர் ஒருவர் என்னிடம், "எவ்வளவு குடுக்கணும் ஹஸரத்?" என்று கேட்டார். விளங்காத அறிவித்தல் எல்லாம் பணம் சேர்க்கத்தான் என்பது அவருடைய அனுபவம்! நூல் வெளியீட்டு விழாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழ்த்துரை, அணிந்துரை, நயவுரை, ஏற்புரை என்று இரவு ஒன்பது மணி வரை உரைகள். முதற்பிரதி வாங்கியவர் வீடு போய் அதைத் திறந்து பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

"அப்படியென்றால் கஷ்டமான சொல்லே கூடாதா மௌலவி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உமறுப் புலவர் பாடிய 5,027 விருத்தங்களும் எளிய தமிழா? இல்லவே இல்லை. தமிழ் படித்தவர்களே நின்று நின்று வாசிக்க வேண்டிய காப்பியம் அது. ஆனால் ஒருவர் பாட்டைப் படிக்க இன்னொருவர் பயன் சொல்ல, ஊரார் கூடியிருந்து அதைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. எழுத்துத் தெரியாத உம்மாமாரும் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்கள். பாட்டு கஷ்டம்தான், ஆனால் கைபிடித்து ஏற்றிவிட ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார். அதே புலவர், தம் காப்பியத்தின் மூன்று பகுதிகளுக்கும் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்று அறபுச் சொற்களால் பெயர் வைத்தார். அவை கேட்போரின் வீட்டில் புழங்கிய சொற்கள். ஆகவே ஒரு சொல் அறபா, வடமொழியா, தூய தமிழா என்பது இங்கே கேள்வியே அல்ல.

பாடசாலைப் பிள்ளைகளைப் பாருங்கள். இலங்கையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை 'ஒளித்தொகுப்பு' என்பான். தமிழ்நாட்டில் அதற்கு 'ஒளிச்சேர்க்கை' என்பார்கள். இரண்டும் ஆக்கிய சொற்கள்தான். ஆயினும் இலை எப்படி உணவு செய்கிறது என்று படம் வரைந்து காட்டிவிட்டு ஆசிரியர் அந்தச் சொல்லைக் கொடுப்பதால், பிள்ளை அதைப் பயமில்லாமல் சொல்கிறான்.

மறுபக்கம், எளிய சொல்லை இழிவாகப் பார்ப்பதும் ஓர் ஆடம்பரமே. 1960களின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. கதைகளில் மக்களின் பேச்சு மொழியை எழுதுவது 'இழிசனர் வழக்கு' என்று மரபு வழிப் பண்டிதர்கள் கண்டித்தார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள். பண்டிதர்களின் பக்கமே வென்றிருந்தால், வாப்பா, உம்மா, நானா, தாத்தா என்று நாம் வீட்டில் பேசும் மொழி அச்சில் ஏறியிருக்குமா என்று சில வேளை யோசிப்பேன்.

இப்போது நம் இளைஞர் சிலரிடம் வேறொரு பழக்கத்தைக் காண்கிறேன். தொழுகை என்றால் குறைவாம், ஸலாத் என்றுதான் சொல்ல வேண்டுமாம். நோன்பு கூடாது, ஸவ்ம். பள்ளிவாசல் கூடாது, மஸ்ஜித். அறபுக் கல்லூரியில் படித்து, அறபு கற்பிக்கும் நானே சொல்கிறேன்: தொழுகை, நோன்பு, ஓதுதல், பெருநாள், மறுமை ஆகிய இவையெல்லாம் நம் முன்னோர் தமிழிலிருந்து எடுத்து மார்க்கத்துக்கென்று ஆக்கித் தந்த சொற்கள். வட இந்திய முஸ்லிம்கள் பாரசீகத்திலிருந்து நமாஸ், ரோஸா என்று எடுத்துக்கொண்டார்கள். நாம் நம் தாய்மொழியிலிருந்து எடுத்துக்கொண்டோம். அறபுச் சொல்லை அறிவது நல்லது, அறியத்தான் வேண்டும். ஆனால் 'நோன்பு' என்று சொல்லும் ஒரு மூதாட்டியை இருபது வயதுப் பிள்ளை திருத்துவதில் என்ன மார்க்கப் பற்று இருக்கிறது?

நம் கண்டியிலேயே பிறந்த அறிஞர் சித்தி லெப்பையை (1838–1898) நினைத்துப் பாருங்கள். சட்டம் படித்தவர், ஆங்கிலமும் அறபும் அறிந்தவர். எழுதினால் செய்யுளில் எழுத வேண்டும், அதுவும் பண்டிதர் மெச்ச எழுத வேண்டும் என்றிருந்த காலம் அது. அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்று உரைநடையில் ஒரு நாவல் எழுதினார். இலங்கைத் தமிழ் நாவல்களில் முதலாவதாக மதிக்கப்படுவது அதுதான். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து அப்போது ஆறு வருடங்களே ஆகியிருந்தன. தம் சமூகம் பத்திரிகை வாசிக்க வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று தவித்தவருக்குச் சொல் விளையாட்டுக் காட்ட நேரமில்லை. அவருடைய வசனம் இன்று நம் காதுக்குப் பழையதாக ஒலிக்கலாம். அது காலத்தின் குறையேயன்றி அவருடையது அல்ல.

இதையெல்லாம் இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் ஒரு பிள்ளை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பதினொரு வயது மகள் சிங்கள மொழியில் படிக்கிறாள். இந்தப் பக்கங்களில் அப்படிப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். தமிழ் எழுத்தை உம்மாதான் இரவில் சொல்லிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதும் அவள் ஆசையாக ஒரு சஞ்சிகையை எடுத்தாள். இரண்டாவது வரியிலேயே 'பரிணமித்தது' என்று வந்தது. உம்மாவிடம் கேட்டாள். உம்மாவுக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பக்கத்தைப் புரட்டிப் படம் பார்த்தாள். 'ஆனது' அல்லது 'வளர்ந்தது' என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டுரைக்கு என்ன குறைந்திருக்கும்? சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவளுக்கு விளங்கும் புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. தமிழ் தன்னை விரட்டினால் அவள் அங்கே போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

எழுத்தே கைமாறிப் போவது நமக்குப் புதிதல்ல. அறபுத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். குர்ஆன் ஓதத் தெரிந்திருந்தும் தமிழ் எழுத்து அறியாத நம் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய வாசலாக இருந்தது! அறபு எழுத்துகளோடு, தமிழ் ஒலிகளுக்கென்று புள்ளியும் குறியும் சேர்த்த சில எழுத்துகளையும் அமைத்து, தமிழையே அதில் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியவர்கள் சட்டதிட்டங்களையும் பாடல்களையும் அந்த எழுத்தில் தந்தார்கள். வாசிப்பவருக்கு எந்த எழுத்துத் தெரியுமோ அந்த எழுத்தில் எழுதுவது என்பதுதான் அவர்களின் கணக்கு. பிள்ளைகள் பாடசாலையில் தமிழ் எழுத்துப் படிக்கத் தொடங்கியதும் அந்த வாசல் மெல்ல மூடிக்கொண்டது. அன்று எல்லோருக்கும் இலகுவாக இருந்த அந்தக் கிதாபுகள் இன்று பல வீடுகளில் அலுமாரியின் மேல் தட்டில் துணியால் சுற்றிக் கிடக்கின்றன. ஓதும் கிதாபு என்று நினைத்து முத்தமிட்டு வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது தமிழ் என்பது வீட்டில் பலருக்குத் தெரியாது.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே இறக்கி எடுங்கள். தூசியைத் தட்டுங்கள். வீட்டில் உம்மும்மாவோ மூத்த மாமியோ இருந்தால் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வயது எல்லோருக்கும் எழுபது கடந்துவிட்டது.