டயர் காற்றை ஏன் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும்?

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு வழிச்சாலையில் கிளம்புகிறீர்களா? ஆயில், கூலன்ட், பிரேக், விளக்குகள் எல்லாம் பார்த்திருப்பீர்கள். டயர் காற்றை மட்டும் போகிற வழியில் ஏதாவது பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஏன்? ஓட ஓட டயர் சூடாகும். உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமும் ஏறும். 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர், 60 டிகிரியில் ஏறக்குறைய 38 காட்டும். கூடிவிட்டதே என்று காற்றை இறக்கினால், டயர் ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விடும். காற்று குறைந்த டயர்தான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த உழைப்பெல்லாம் ரப்பருக்குள் சூடாக மாறுகிறது. பாரமும் வேகமும் சேர்ந்தால் அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். விருதுநகர் தாண்டிய கரிசல் வெட்டவெளியில், சித்திரை வெயிலில், தார்ச்சாலையின் சூடும் இதோடு சேர்கிறது.

எப்படி? வண்டியை எடுக்கும் முன், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். குடும்பமும் மூட்டையுமாகப் போனால், முழுப் பாரத்துக்கான அளவையே வையுங்கள். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் 2321 என்றிருந்தால், 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.