உங்களுக்குத் தெரியுமா? அபாயத்தை முதலில் தேடும் கவனம்
பதற்றக் கோளாறு உள்ளவர்களின் கவனம் அச்சுறுத்தும் சொற்களை நோக்கித் தானாகவே சாய்கிறது. காலின் மெக்லியோட், ஆண்ட்ரூ மேத்யூஸ், பிலிப் டாடா ஆகிய ஆய்வாளர்கள் 1986இல் இதை ஓர் எளிய சோதனையால் காட்டினர். கணினித் திரையில் ஓர் அச்சுறுத்தும் சொல்லும் ஒரு சாதாரணச் சொல்லும் மேலும் கீழுமாக அரை நொடி தோன்றி மறையும். பிறகு அவற்றில் ஒன்றின் இடத்தில் புள்ளி ஒன்று வரும். பார்த்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சுறுத்தும் சொல் இருந்த இடத்தில் புள்ளி வந்தபோது பதற்றக் கோளாறு உள்ளவர்கள் விரைந்து அழுத்தினர். அவர்களின் கவனம் ஏற்கெனவே அங்கே போயிருந்தது. கோளாறு இல்லாதவர்களின் கவனமோ அந்தச் சொல்லை விட்டு விலகவே பார்த்தது. மனச்சோர்வு நோயாளிகளிடம் இந்தச் சாய்வு தென்படவில்லை என்பதுதான் வியப்பு. பொத்தானை அழுத்தும் நேரத்தில் உள்ள வேறுபாடு மில்லிநொடிக் கணக்கில்தான். அதனால் தனி ஒருவரின் நோயைக் கண்டறிய இச்சோதனை போதாது.