87 விழுக்காட்டில் அறுந்த பதிவிறக்கம்

மடிக்கணினித் திரையில் 87 விழுக்காடு என்று காட்டியது. அதற்குமேல் எண் நகரவில்லை. வெளியே நல்ல மழை. கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’ அறுந்துவிட்டது. மாலையிலிருந்து இறங்கியதெல்லாம் மறைந்துபோய், மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில் அது நான்காவது முறை.

நான் கணினி அறிவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. தவணை விடுமுறைக்குப் பேராக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பல்கலைக்கழகம் திறந்த முதல் வாரமே எங்கள் மூவர் குழு ஒரு படைப்பைச் செய்யவேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான ‘கெர்னல்’ மூல நிரலில், ஒரு பகுதி ஆண்டுதோறும் எப்படி மாறி வந்திருக்கிறது என்பதே தலைப்பு. அதற்கு நிரல் மட்டும் போதாது, அதன் வரலாறும் வேண்டும். கோலாலம்பூரில் இருந்த மற்ற இருவரும் ஒரே மாலையில் இறக்கி முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது ‘டாப் அப்’புக்கு அம்மா 30 ரிங்கிட் எடுத்துக் கொடுத்தபோது, “இன்னுமா இறங்குது?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியாக ஒரு சீனியர் அண்ணனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். “உங்க வீட்டு லைனை மட்டும் திட்டாதே தங்கச்சி. ‘கிட்’ வேலை செய்யுற விதமே அப்படித்தான்” என்றார்.

நாம் ஒரு பெரிய காணொளியை இறக்கும்போது இணைப்பு அறுந்தால், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏனென்றால் அந்தக் கோப்பு சர்வரில் மாறாமல் அப்படியே இருக்கிறது. “முதல் 500 மெகாபைட் என்னிடம் இருக்கிறது, மிச்சத்தைக் கொடு” என்று நம் கணினி கேட்கும். சர்வரும் 206 என்ற குறியீட்டோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும்.

கிட் அப்படி அல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கெர்னல் பணிக்காக உருவாக்கிய மென்பொருள் அது. ‘குளோன்’ என்று கட்டளை கொடுத்ததும் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற முழு வரலாற்றையும் சர்வர் அந்த நேரத்தில் நமக்காக மூட்டை கட்டி அனுப்புகிறது. வீடு மாறும்போது அதே சாமான்களை இரண்டு முறை கட்டினால், இரண்டு மூட்டையும் ஒன்றுபோல் இருக்குமா? இங்கேயும் அடுத்த முறை வரிசை மாறலாம், சுருக்கும் விதமும் மாறலாம். பழைய மூட்டையின் பாதியோடு புதிய மூட்டையின் பாதியை ஒட்ட முடியாது. அதனால் அறுந்துபோன பாதியைக் கிட் அழித்துவிடுகிறது. கெர்னலின் வரலாறோ பல ஜிகாபைட்!

அண்ணன் இரண்டு வழிகள் சொன்னார்.

முதல் வழி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது. குளோன் கட்டளையோடு ‘டெப்த் 1’ என்று சேர்த்தால், வரலாறு இல்லாமல் இன்றைய நிரல் மட்டும் வரும். கெர்னலுக்கு அது சில நூறு மெகாபைட்தான். பிறகு ‘ஃபெட்ச்’ கட்டளையோடு ‘டீப்பன்’ என்று சேர்த்து, சிறிய எண்ணிலிருந்து தொடங்கி வரலாற்றைப் படிப்படியாகப் பின்னோக்கி வாங்கலாம். முடிந்த படி நம் கணினியில் பத்திரமாக இருக்கும். இணைப்பு அறுந்தால் நடந்துகொண்டிருந்த படி மட்டுமே வீணாகும்.

இரண்டாவது வழி ‘பண்டல்’. முழு வரலாற்றையும் முன்கூட்டியே கட்டி, ஒரே கோப்பாக வைத்திருப்பது. கோப்பு என்றாகிவிட்டால் காணொளியைப் போலவே விட்ட இடத்திலிருந்து இறக்கலாம். கெர்னல் குழுவின் அதிகாரத்துவ இணையத்தளமே இப்படி ஒரு பண்டலை வைத்திருக்கிறது.

எனக்கு முழு வரலாறு வேண்டியிருந்ததால் இரண்டாவது வழியைப் பிடித்தேன். ‘டபிள்யூகெட்’ என்ற சிறு நிரலில், தொடரச் சொல்லும் ‘சி’ குறியைச் சேர்த்து இரவில் ஓடவிட்டேன். இரண்டு இரவுகளில் ஆறு முறை அறுந்தது. ஆறு முறையும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முடிந்ததும் அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்தேன். அதற்கு இணையமே தேவைப்படவில்லை. பிறகு அசல் முகவரியைப் பதிந்து, பண்டல் கட்டிய பிறகு வந்த மாற்றங்களை மட்டும் வாங்கிக்கொண்டேன். படைப்பில் என் பங்கை நானே பேசினேன்.

நான்கு முறை தோற்றபோது, எனக்குத்தான் திறமை இல்லை என்று நினைத்தேன். உண்மையில் அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு ஏற்ற வழியை நான் தெரிந்துவைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், ஐந்தாவது முறை முயல்வதற்கு முன் ஒருவரிடம் கேளுங்கள்.

நல்ல இணைய வசதி உள்ள நண்பர்களுக்கும் ஒரு வேலை உண்டு. எந்தக் கிட் தொகுப்பையும் ‘கிட் பண்டல்’ கட்டளையால் ஒரே கோப்பாக்கலாம். சென்ற மாதம் சபா உட்பகுதியில் இருக்கும் என் ஜூனியர் ஒருவருக்கு, எங்கள் குழுவின் நிரலை அப்படிக் கட்டி மேகச் சேமிப்பில் ஏற்றிவைத்தேன். எனக்கு அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாள் கழித்து, “வந்துடுச்சுக்கா” என்று செய்தி அனுப்பியிருந்தார்.