மரத்துக்கு உண்டு மழைச்சட்டை

கன்னியாகுமரி மாவட்டச் சிதறால் பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தால், மரங்கள் பாவாடை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். பால் வெட்டும் இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுருக்கிச் சுற்றி, பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். இதுதான் ரெயின்கார்டு. மரத்தில் வழியும் மழைநீர் வெட்டில் இறங்கிப் பாலை அடித்துப் போகாமல் காப்பது இதன் வேலை. இரு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் இது இல்லாவிட்டால் பல நாள் வெட்டு வீணாகிவிடும்.

மரத்துக்கு இத்தனை கவனம். விடியும் முன்பே கத்தியோடு மரம் மரமாக நடக்கிற தொழிலாளியின் உடைக்கும் இதே கவனம் வேண்டாமா?

நவீன மழைக்கோட்டு பிறந்ததே ரப்பரிலிருந்துதான். ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, 1823-ல் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வரவில்லை. வியர்வையும் வெளியே போகவில்லை. இன்றைய பிளாஸ்டிக் கோட்டிலும் அதே புழுக்கம்தான். நீராவியை மட்டும் வெளியே விடும் கோர்டெக்ஸ் துணிக்கு வழி திறந்தது 1969-ல். ஆனால், வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும் நம் ஊரில் விலை உயர்ந்த அந்தத் துணியும் திணறும். இங்கே அக்குள் திறப்பும், முதுகில் காற்றோடும் வலைத்துணியும்தான் அதிகம் உதவும்.

ஊட்டியில் மழைத்தூறலில் கோல்ஃப் ஆடுபவருக்கும் சிதறாலில் பால் வெட்டுபவருக்கும் கோட்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே: தோள் தடையில்லாமல் சுழல வேண்டும். ஆட்டக்காரருக்குக் கோட்டின் இறுக்கமான கை பந்தைத் திசை மாற்றும். வெட்டுபவருக்கோ கத்தி ஆழமாக இறங்கிவிடும். அந்தக் காயத்தை மரம் பல ஆண்டு சுமக்கும்.

ஆகவே, கடையிலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தி, வெட்டுவதுபோல் இழுத்துப் பாருங்கள். தையல்களை உட்புறம் நாடா ஒட்டி அடைத்திருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள். தண்ணீர் முதலில் கசிவது ஊசித் துளையில்தான். முழங்காலைத் தட்டும் நீளக் கோட்டைவிட, இடுப்பளவுச் சட்டையும் தனிக் கால்சட்டையும் நடைக்கு நல்லது. தலைமூடி பக்கப் பார்வையை மறைக்கக் கூடாது. தலைவிளக்குக்கும் இடம் விட வேண்டும். வேலை முடிந்ததும் அலசி நிழலில் உலர்த்தினால் கோட்டு நீடித்து உழைக்கும்.

சிதறால் மலையுச்சியில் தொங்கும் பெரும்பாறை, தன் மடியிலுள்ள குகைக்கோயிலுக்குக் கூரையாக நிற்கிறது. மலைக்குக் கீழே மரங்களுக்கு ரெயின்கார்டு இருக்கிறது. தோட்டக்காரர்கள் மழைக்கு முன் ரெயின்கார்டுக்குப் பிளாஸ்டிக்கும் பசையும் வாங்கும் அதே சீட்டில், வெட்டுபவரின் அளவுக்கு ஒரு நல்ல மழைச்சட்டையையும் எழுதிச் சேர்க்க வேண்டும்.