உளவடுவும் அதனை ஆற்றுவோர் பயிற்சியும்

உடலிற் பட்ட புண்ணை மருத்துவன் கண்ணாற் காண்கின்றான். உள்ளத்திற் பட்ட புண்ணோ அதனை உடையவனது சொல்லாலன்றி வெளிப்படுவதில்லை. அவனோ பெரும்பாலும் அதனைச் சொல்ல விரும்புவதில்லை. ஆதலின் அதனை ஆற்றப் புகுவோனுக்கு வேண்டிய பயிற்சி ஏனைய மருத்துவப் பயிற்சியினின்றும் வேறுபட்டதாகும். ஆங்கிலேயர் 'திறோமா' என வழங்கும் கிரேக்கச் சொல்லுக்குப் புண் என்பதே பொருள். நம்மவர் அதனை 'உளவடு' என்பர். வடு ஆறிய புண்ணின் அடையாளம். இங்குப் பேசப்படுவதோ ஆறாத புண். ஆயினும் வழக்கு வென்றுவிட்டமையால் அச்சொல்லே ஈண்டும் கொள்ளப்படுகின்றது.

இத்தகைய பயிற்சி உருப்பெற்ற தொடக்க இடங்களுள் லிவர்பூல் நகரையடுத்த மகுல் இராணுவ வைத்தியசாலை குறிப்பிடத்தக்கது. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபின், உடலிற் காயமெதுவுமின்றியே பேச்சிழந்தும், கைகால் நடுங்கியும், உறக்கத்திற் கதறியும் திரும்பிய போர்வீரர் தொகை பெருகிற்று. சாள்ஸ் மையர்ஸ் என்னும் உளநூலறிஞர் 1915ஆம் ஆண்டு 'லான்செற்' மருத்துவ இதழில் இந்நிலையைக் குண்டதிர்ச்சி எனும் பொருள்படும் பெயராற் குறித்தார். வெடியின் அதிர்வால் மூளை பழுதுற்றதென்றனர் சிலர். கோழைத்தனமென்று இகழ்ந்தனர் வேறு சிலர். மின்சாரத்தைப் பாய்ச்சி ஊமையைப் பேசவைத்தோரும் உளர். மகுலின் மேலதிகாரியான றோஸ் என்பார் நாடிய வழி வேறு. நோயாளியின் பேச்சைக் கேட்டல், கனவை ஆராய்தல், துன்பத்தின் தோற்றுவாயை அவனே உணரச் செய்தல் என்பன அவ்வழியின் கூறுகள். இதனை அறிந்த வைத்தியர் மிகச் சிலரேயாதலின், போரின் பிற்பகுதியில் இராணுவ வைத்தியர்களுக்கு அங்கே குறுங்காலப் பயிற்சி வகுப்புகள் நடாத்தப்பட்டன.

அங்குப் பணிபுரிந்தோரிற் சிலர் நமக்கு முற்றும் வேற்றவரல்லர். மனைவியாருடன் இலங்கை வேடரிடையே தங்கி ஆராய்ந்து 1911இல் 'வேடர்' என்னும் நூலை வெளியிட்ட செலிக்மன் அவருள் ஒருவர். நீலகிரித் தோதவரைப் பற்றி 1906இல் பெருநூல் எழுதிய றிவேர்ஸ் மற்றொருவர். பிறர் வாழ்வை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டறியும் மானிடவியற் பழக்கம் நோயாளி முன்னிலையிலும் இவர்களுக்குத் துணைசெய்திருக்கும் எனக் கொள்ளல் தவறாகாது.

றிவேர்ஸ் 1916இல் எடின்பறோ நகரையடுத்த கிறேக்லொக்காட் வைத்தியசாலைக்கு மாறினார். 1917ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் ஆற்றிய விரிவுரை, இத்துறையிற் பயில்வோர் இன்றும் படிக்கத்தக்கது. நடந்ததை மறந்துவிடுமாறு நண்பரும் வைத்தியரும் கூறும் அறிவுரையே பலருக்கு நோயை முற்றச் செய்கின்றது என்பது அவர் கருத்து. ஓர் அதிகாரி தம் நண்பரைத் தேடிச் சென்று, குண்டினாற் சிதறிக் கிடந்த உடலைக் கண்டவர். இரவுதோறும் அக்காட்சி கனவில் வந்தது. உடல் அவ்வாறு சிதறியமையே நண்பர் நோவின்றி ஒரு கணத்தில் இறந்தமைக்குச் சான்று என றிவேர்ஸ் எடுத்துக் காட்டினார். கனவு அடியோடு நீங்கவில்லை. ஆயின் அதன் கொடுமை நீங்கிற்று. மற்றோர் அதிகாரி, வெடியினால் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணமொன்றின் வயிற்றில் முகம் புதைய வீழ்ந்தவர். இந்நிகழ்ச்சியில் ஆறுதலுக்குரிய கூறு ஒன்றேனும் றிவேர்ஸுக்கு அகப்படவில்லை. படையை விட்டு நாட்டுப்புறத்தில் வாழுமாறு கூறி அவரை அனுப்பினார். தம் முறை பலியாத இடத்தையும் மறையாது உரைத்தாரே, அதுவே அவரது விரிவுரையின் சிறப்பு. வெற்றிகளை மாத்திரம் காட்டும் பயிற்சி நூல்கள் மாணாக்கனை ஏமாற்றுவனவாம்.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நோயைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. அதன்பின் முறைகள் பல தோன்றின. அவற்றுள் யேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழக அறிஞர் வகுத்த முறை எளியது. கயிறொன்றை நிலத்தில் விரித்து, பிறப்பு முதல் நிகழ்ந்தவற்றுள் இனியவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைப்பர். பின்னர் வரலாறு முழுவதும் வரிசைப்படச் சொல்லப்படும். கேட்போர் அதனை எழுதி, அடுத்த அமர்வில் அவர்க்கே வாசித்துக் காட்டுவர். கல்லருகே வரும்போது கதையை விரைவிற் கடக்க விரும்புபவர் சொல்பவர் மாத்திரமல்லர். கேட்பவரும் அவ்வாறே விரும்புவார். அவ்விடத்தில் நின்று கேட்கப் பழக்குவதே பயிற்சியின் பெரும் பகுதி.

இதற்குப் பட்டம் பெற்ற உளமருத்துவரே வேண்டுமா? உகண்டா நாட்டின் நக்கிவாலே அகதிக் குடியிருப்பில், அகதிகளுட் சிலரையே பயிற்றி, றுவாண்டா, சோமாலியா நாட்டவர் 277 பேரிடையே இது சோதிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவின்படி, இம்முறையைப் பெற்றோருள் நூற்றுக்கு 70 பேரும், பொதுவான ஆலோசனை பெற்றோருள் 65 பேரும், சிகிச்சை பெறாது கண்காணிக்கப்பட்டோருள் 37 பேரும் நோயின் வரையறையினின்றும் நீங்கியிருந்தனர். 70க்கும் 65க்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிது. 37 தொலைவில் நிற்கின்றது.

நம் நாட்டின் வடகிழக்கிலும், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர், அகதி முகாமொன்றில் 31 சிறுவரிடம் உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளை நடாத்தினர். ஒரு சாரார் வரலாற்றுமுறையையும், மறு சாரார் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கலந்த முறையையும் பெற்றனர். ஆறு மாதத்தின் பின் முன்னவருள் நூற்றுக்கு 81 வீதத்தினரும் பின்னவருள் 71 வீதத்தினரும் நலமடைந்திருந்தனர். சிகிச்சை பெறாத சாரார் அங்கு இல்லாமையால், காலம் தானே ஆற்றியதெவ்வளவு எனப் பிரித்தறிதல் இயலாது. எனினும் முறையினும் முறையாகப் பயின்ற ஆளே முதன்மை என்னும் எண்ணத்துக்கு இரு சோதனைகளும் இடந்தருகின்றன.

அவ்வாளைப் பேணுவார் யார் என்பதே எஞ்சிய வினா. இடைவிடாது பிறர் கொடுந்துயரைக் கேட்போர் தாமும் உறக்கமிழந்து, உலகின்மேல் நம்பிக்கையிழப்பதை மக்கான், பேர்ள்மன் என்போர் 1990இல் விளக்கினர். ஆதலின் பயிற்சி நெறிகள் மேற்பார்வையை வற்புறுத்துகின்றன: பயின்றவர் குறித்த கால இடைவெளியில் மூத்தவரொருவரோடு அமர்ந்து, தாம் கேட்டதையும் தவறவிட்டதையும், தம் நெஞ்சிற் தங்கிப்போனதையும் கூறல் வேண்டும். வகுப்பு நடாத்துவது எளிது. அதற்குச் சான்றிதழும் நிழற்படமும் உண்டு. மேற்பார்வைக்கு அவை இல்லை. ஆண்டுக்கணக்கில் ஆளும் பொருளும் வேண்டும். பாடவேளைகளுக்கிடையே ஒரு பிள்ளை தன் தந்தை மறைந்த நாளைச் சொல்லக் கேட்ட வழிகாட்டல் ஆசிரியை, மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குச் செல்கின்றார். மாலையில் அதனைப் பகிர்ந்துகொள்ளத்தக்க மூத்தவர் ஒருவரும் அவருக்கு நியமிக்கப்பட்டிலர்.