விழா நாளும் அரசாணையும்

மணிமேகலைக் காப்பியம் இந்திர விழாவை அறிவிக்கும் முரசொலியோடு தொடங்குகின்றது. வச்சிரக் கோட்டத்து முரசினை யானையின் பிடரியில் ஏற்றி, 28 நாள் நிகழும் விழாவினை வள்ளுவன் நகர்க்கு உணர்த்துகின்றான். பின்னர், தன் மகனைத் தேடித் திரிந்த சோழன் நெடுமுடிக்கிள்ளி அவ்விழாவை மறந்தான்; அதனால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று அக்காப்பியம் கூறும். விழாவினைக் காத்தல் வேந்தன் கடன் என்பது இதனாற் பெறப்படும். அதனைக் குறைத்தலும் மாற்றுதலும் அவன் உரிமையோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில், ஆப்சுபர்க்குப் பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சி, தன் ஆட்சிக்குட்பட்ட செர்பியரின் ஆர்த்தடாக்சு கிறித்தவத் திருநாட்கள் பலவற்றைக் குறைத்தது. உழைக்கும் நாட்கள் பெருகவேண்டும் என்பது அரசின் கருத்து. மக்களோ, தம் சமயத்தின்மேல் அரசு கைவைப்பதாகக் கருதி மனக்கசப்புற்றனர்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க நிகழ்ச்சி இலங்கையில் உண்டு. ஆங்கே அயலார் ஆட்சியில் ஞாயிற்றுக்கிழமையே வார விடுமுறையாய் நிலைத்தது. பௌத்தரின் போயா நாட்களுக்கு அத்தகு சிறப்பில்லை. இக்குறை நியாயமானதே. அதனை நீக்கக் கருதிய டட்லி சேனநாயக்க அரசு, 1966-இல் ஞாயிறு விடுமுறையை அகற்றி, அமாவாசை, பௌர்ணமி, இருபிறைகளின் அட்டமி என்னும் நான்கு போயா நாட்களையும் வார விடுமுறையாக்கிற்று. ஆயின், ஒரு சாராரின் குறை நீங்க, மற்றொரு சாரார்க்குக் குறை பிறந்தது. தமிழரும் சிங்களவருமாகிய கிறித்தவர்க்கு வழிபாட்டு நாளே வேலை நாளாயிற்று.

பிறிதோர் இடர்ப்பாடும் எழுந்தது. திங்களின் சுழற்சி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதனை நான்காகப் பகுப்பின் ஏழென்னும் முழு எண் வாராது. ஆதலின் விடுமுறைகளுக்கு இடைப்பட்ட காலம் ஒரு சீராய் அமையவில்லை. உலக வாணிகம் ஓய்ந்திருந்த ஞாயிற்றில் கொழும்பு உழைத்தது; உலகம் உழைத்த நாட்களில் கொழும்பு ஓய்ந்தது. 1971-இல் சனியும் ஞாயிறும் மீண்டும் வார விடுமுறைகளாயின. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைபெற்றது. இருசாரார்க்கும் இடந்தந்த இம்முடிவே நிலைத்தது என்பது கருதத்தக்கது.

நம் மாநிலத்தில் தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு நெறியைக் காட்டுகின்றது. நாட்டு விழாக்கள் நீங்கலாக ஐந்து பண்டிகை விடுமுறைகளை அது உறுதி செய்கின்றது. அவை எவையென்பதோ, முதலாளியையும் தொழிலாளரையும் கலந்தே முடிவுசெய்யப்படும். பல சமயத்தாரும் ஒருங்கே உழைக்கும் பல்லாவரம் போன்ற ஊர்களுக்கு இந்நெறியின் அருமை எளிதிற் புலனாகும். எண்ணிக்கையை அரசு வகுக்கலாம். எந்நாள் திருநாள் என்பதை அதனைக் கொண்டாடுவோரே அறிவர். முரசறைதல் அரசின் தொழில், விழா மக்களுடையது.